பால் பொங்கப் போகிறது: ஆங்கிலத்தின் ‘கோயிங் டு’ தொடர் பற்றி

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் செப்பமிட்ட வடிவம்)



ஆங்கிலம் கற்பிப்பதையே வாழ்நாள் வேலையாகக் கொண்ட ஒருவரின் பெயரால் இந்தச் சொற்பொழிவு நடக்கிறது. அவர் நினைவுக்குப் பெரிய கோட்பாடு எதையும் தூக்கிக்கொண்டு வரவேண்டாம், வகுப்பறையில் தினமும் புழங்கும் ஒரு சின்னத் தொடரைப் பற்றிப் பேசினால் போதும் என்று தோன்றியது. ‘ஐ ஆம் கோயிங் டு ரைட்’ என்கிறோமே, அந்த ‘கோயிங் டு’தான் இன்றைய பொருள்.

பல ஆண்டுகளுக்கு முன் ஒரு பள்ளியில் விடைத்தாள் திருத்தும் அறையில் உட்கார்ந்திருந்தேன். ‘எதிர்காலத்தில் மாற்றி எழுதுக’ என்று ஒரு கேள்வி. கொடுத்திருந்த வாக்கியம் ‘ஹி சிங்ஸ்’. ஒரு மாணவி ‘ஹி இஸ் கோயிங் டு சிங்’ என்று அழகாக எழுதியிருந்தாள். அதன்மேல் சிவப்பு மையில் ஒரு பெருக்கல் குறி. விடைக்குறிப்பில் இருந்தது ‘ஹி வில் சிங்’. ஏன் தவறு போட்டீர்கள் என்று கேட்டேன். “அதுலதான் ‘இஸ்’ இருக்கே மேடம், அது நிகழ்காலம்தானே?” என்றார் திருத்தியவர்.

அவர் அந்தப் பெண்ணுக்கு அரை மதிப்பெண் கொடுக்காமல் போனது எனக்கு இன்றும் வருத்தம்தான். ஆனால் அவர் சொன்ன காரணத்தை நான் அதற்குப் பிறகு விடவே இல்லை. அவர் கண்ணில் பட்டது சரியான இடம். அந்தத் தொடருக்குள் நிகழ்காலம் இருக்கத்தான் செய்கிறது. அது எதிர்காலத்தைச் சொல்வதே அந்த நிகழ்காலத்தின் வழியாகத்தான். இன்று நான் சொல்ல வந்தது இதுதான்: ‘கோயிங் டு’ என்பது ‘வில்’ என்பதற்கு மாற்றுச் சொல் இல்லை, இப்போதே வேர்விட்டுவிட்ட எதிர்காலத்தைச் சொல்லும் தொடர் அது. அந்த நுட்பம் தமிழ்ப் பிள்ளைக்குப் புதிதும் இல்லை. ‘எழுதப் போகிறேன்’ என்று அவள் பேசத் தொடங்கிய நாளிலிருந்து அது அவள் வாயில் இருக்கிறது.

1. தொடரின் கட்டு

முதலில் கட்டமைப்பைச் சுருக்கமாகப் பார்த்துவிடுவோம். எழுவாய், அதற்கேற்ற ‘ஆம்’, ‘இஸ்’ அல்லது ‘ஆர்’, பிறகு ‘கோயிங் டு’, பிறகு விகுதி ஒட்டாத வினை. ‘ஷீ இஸ் கோயிங் டு சிங்’. எதிர்மறைக்கு ‘இஸ்’ஸை அடுத்து ‘நாட்’. கேள்விக்கு ‘இஸ்’ எழுவாய்க்கு முன்னே நகரும்: ‘இஸ் ஷீ கோயிங் டு சிங்?’

நம் பிள்ளைகள் இதில் தடுக்குகிற இடம் ஒன்றே ஒன்று. ‘ஹி கோயிங் டு கம்’ என்று ‘இஸ்’ஸை விழுங்கிவிடுவார்கள். இது கவனக்குறைவு இல்லை. ‘அவர் என் மாமா’ என்று சொல்லும்போது தமிழில் நடுவில் ஒரு வினை தேவைப்படுவதில்லை. ‘வரப் போகிறான்’ என்பதில் காலமும் ஆளும் ‘போகிறான்’ என்ற ஒரே சொல்லுக்குள் அடங்கிவிடுகின்றன. ஆங்கிலத்தில் அந்தச் சுமையில் பாதியை ‘இஸ்’ தூக்குகிறது. ‘போகிறான்’ என்பதில் உள்ள ‘கிற்’, ‘ஆன்’ இரண்டையும் பிரித்து எடுத்தால் அவை ‘இஸ்’ஸில் போய் உட்காரும் என்று கரும்பலகையில் ஒருமுறை எழுதிக் காட்டினால் பிள்ளைகள் மறப்பதில்லை.

இதே இடத்தில் இன்னொரு வேறுபாடும் உண்டு. ‘ஐ ஆம் கோயிங் டு மதுரை’ என்பதில் வரும் ‘டு’ இடத்தைக் காட்டுவது, நம் நான்காம் வேற்றுமை ‘கு’ போல. ‘ஐ ஆம் கோயிங் டு ஈட்’ என்பதில் வரும் ‘டு’ வினையோடு சேர்ந்தது, நம் ‘சாப்பிட’ என்பதில் உள்ள அகரம் போல. எழுத்தில் இரண்டும் ஒன்றுதான். பேச்சில் ஆங்கிலேயரின் நாக்கு இரண்டையும் பிரித்துவிடும். சாப்பிடப் போவதை ‘கானா ஈட்’ என்றும் ‘கன்ன ஈட்’ என்றும் காதில் விழுமாறு சுருக்கிச் சொல்வார்கள். மதுரைக்குப் போவதை அப்படிச் சுருக்கவே மாட்டார்கள். கால் நடக்கும் இடத்தில் சொல் முழுதாக நிற்கிறது. காலம் மட்டும் நகரும் இடத்தில் சொல் தேய்கிறது. நம் ‘எழுதப்போறேன்’ ஒரே மூச்சில் ஒட்டிக்கொள்வதைக் கவனித்துப் பாருங்கள்.

2. நடையிலிருந்து காலத்துக்கு

பழைய ஆங்கிலத்தில் எதிர்காலத்துக்கென்று தனி வினைவடிவம் கிடையாது. நிகழ்கால வடிவமே அந்த வேலையையும் பார்த்தது. ‘வில்’ என்றால் அன்று விருப்பம். ‘ஷல்’ என்றால் கடன், கடப்பாடு. விரும்புவதும் கடன்பட்டிருப்பதும் இனிமேல் நடப்பவை பற்றியவை என்பதால் இரண்டும் மெல்ல மெல்ல எதிர்காலக் குறிகளாயின. 1653இல் ஜான் வாலிஸ் என்பவர் லத்தீன் மொழியில் எழுதிய ஆங்கில இலக்கணத்தில் தன்மைக்கு ‘ஷல்’, முன்னிலைக்கும் படர்க்கைக்கும் ‘வில்’ என்று வகுத்தார். நம் பள்ளிகளில் தலைமுறை தலைமுறையாக மனப்பாடம் செய்யும் ‘ஐ ஷல், யூ வில்’ அட்டவணைக்கு வேர் அங்கே இருக்கிறது. முந்நூற்று எழுபது ஆண்டுப் பழைய விதி அது.

‘கோயிங் டு’ இந்த வீட்டுக்குப் பின்னால் வந்த பிள்ளை. 15ஆம் நூற்றாண்டின் கடைசியில்தான் அதன் முதல் தடங்கள் தெரிகின்றன. வாலிஸுக்கு ஏழு ஆண்டுகள் முன்னதாக, 1646இல், ஜோஷுவா பூல் என்ற பள்ளி ஆசிரியர் தம் இலக்கணச் சிறுநூலில் ‘கோயிங் டு’வை எதிர்காலத்தின் அடையாளமாகக் குறித்துவிட்டார். ஒரு பள்ளி ஆசிரியரின் காது அன்றே இதைப் பிடித்துவிட்டது என்பதை இந்த மேடையில் சொல்வதில் எனக்கு மகிழ்ச்சி.

ஒரு நடை எப்படிக் காலமாக மாறுகிறது? தமிழிலேயே பார்ப்போம். ‘டாக்டரைப் பாக்கப் போறேன்’ என்று ஒருவர் சொல்கிறார். பேருந்து நிறுத்தத்தில், கையில் மருந்துச் சீட்டோடு நின்றுகொண்டு சொன்னால் அவர் கிளம்பிவிட்டார், நடை உண்மையான நடை. அதையே கட்டிலில் படுத்தபடி, ‘இந்த இருமல் விடலேன்னா நாளைக்கு டாக்டரைப் பாக்கப் போறேன்’ என்று சொன்னால் நடை பாதி, முடிவு பாதி. இந்த இரட்டைப் பொருள்தான் பாலம். ஒருவர் ஒரு காரியத்துக்காகக் கிளம்பிவிட்டார் என்றால் அந்தக் காரியம் இனி நடக்கும், அதைச் செய்யும் எண்ணம் அவருக்கு ஏற்கெனவே இருக்கிறது என்று கேட்பவர் தாமாகவே கொள்கிறார். நாளடைவில் கேட்பவர் கொண்ட பொருளே சொல்லின் பொருளாகிவிடுகிறது, நடை கரைந்துபோகிறது. இப்படி முழுச் சொல் ஒன்று இலக்கணக் கருவியாக மாறுவதற்குப் பிரெஞ்சு மொழியியலாளர் அந்துவான் மெய்யே 1912இல் ஒரு பெயர் வைத்தார். நாம் அதை இலக்கணமாதல் என்கிறோம்.

நடை முழுக்கக் கரைந்துவிட்டது என்பதற்குச் சான்று என்ன? மழைக்குக் கால் இல்லை. ஆனால் ‘இட் இஸ் கோயிங் டு ரெயின்’ என்கிறார்கள். நாமும் ‘மழை பெய்யப் போகிறது’ என்கிறோம். இதைவிடப் பெரிய சான்று ஒன்று உண்டு. ‘அவன் வரப் போகிறான்.’ வருவதும் போவதும் எதிரெதிர்த் திசை. ஒரே வாக்கியத்தில் ஒருவன் எப்படி வரவும் போகவும் முடியும்? முடிகிறது, ஏனென்றால் அந்தப் ‘போ’வில் திசை இல்லை. ‘ஹி இஸ் கோயிங் டு கம்’ என்பதிலும் அப்படியே. ஒரு வகுப்பில் இதைச் சொல்லிக்கொண்டிருந்தபோது ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் எழுந்து, “அப்ப ‘கோயிங் டு கோ’ன்னு எழுதலாமா மேடம்? ரெண்டு தடவை வருதே?” என்று கேட்டான். “உங்க அண்ணன் வேலைக்குப் போகப் போறான்னு வீட்டுல சொல்றதில்லையா?” என்று கேட்டேன். அவன் உட்கார்ந்துவிட்டான். பக்கத்துப் பையனிடம் ‘போகப் போறான், போகப் போறான்’ என்று இரண்டு முறை முணுமுணுத்தது எனக்குக் கேட்டது.

நம்மிடமும் ஆங்கிலத்திடமும் மட்டும் உள்ள வழக்கம் இல்லை இது. தெலுங்கிலும் மலையாளத்திலும் ‘போ’ இதே வேலையைச் செய்கிறது. பிரெஞ்சும் ஸ்பானிஷும் தத்தம் ‘போதல்’ வினையை இப்படிப் பயன்படுத்துகின்றன. ஸ்வீடிஷ் மொழியோ ‘வருதல்’ வினையை எடுத்துக்கொண்டது. ஒன்றுக்கொன்று உறவில்லாத மொழிக் குடும்பங்கள் தனித்தனியே இந்தப் பாதையில் நடந்திருக்கின்றன.

3. முன்பே எடுத்த முடிவு

இனிப் பயன்பாட்டுக்கு வருவோம். ஜெஃப்ரி லீச் என்ற ஆங்கில இலக்கண அறிஞர் ஆங்கில வினைகளின் பொருள் பற்றி 1971இல் வெளியிட்ட நூலில், ‘கோயிங் டு’ சொல்லும் எதிர்காலத்தை நிகழ்காலத்தின் நிறைவேற்றமாகக் கண்டார். அந்த நிகழ்காலம் ஒரு மனிதரின் எண்ணமாக இருக்கலாம், கண்முன் தெரியும் காரணமாகவும் இருக்கலாம் என்று இரண்டாகப் பிரித்தார். முதலில் எண்ணத்தைப் பார்ப்போம்.

வீட்டில் தொலைபேசி அடிக்கிறது. அம்மா கை மாவோடு இருக்கிறார். மகள் ஓடிவந்து, ‘ஐ வில் கெட் இட்’ என்பாள். அந்த நொடியில் பிறந்த முடிவு அது. ‘ஐ ஆம் கோயிங் டு கெட் இட்’ என்று அவள் சொன்னால் ஆங்கிலம் தாய்மொழியாக உள்ளவருக்கு வேறு மாதிரி கேட்கும்: மணி அடிக்கும் முன்பே நான்தான் எடுப்பேன் என்று தீர்மானித்து வைத்திருந்தாள் போல. மாறாக, ‘இந்த விடுமுறையில் என்ன செய்யப் போகிறாய்?’ என்று கேட்டால் ‘ஐ ஆம் கோயிங் டு லேர்ன் ஸ்விம்மிங்’ என்பதுதான் இயல்பு. நீச்சல் கற்பது என்ற முடிவு இந்தக் கேள்விக்கு முன்பே அவள் மனதில் இருக்கிறது.

இப்போது தமிழைக் கவனியுங்கள். தொலைபேசி அடித்ததும் நம் வீட்டுப் பெண் என்ன சொல்வாள்? ‘இரும்மா, நான் எடுக்கறேன்.’ நிகழ்கால வடிவம்! ‘எடுப்பேன்’ என்று சொல்லமாட்டாள், ‘எடுக்கப் போறேன்’ என்றும் சொல்லமாட்டாள். விருந்தாளி வந்தால் ‘உக்காருங்க, காபி போடறேன்.’ நண்பர் பணம் கேட்டால் ‘நாளைக்குத் தரேன்.’ அந்த நொடியில் எடுக்கும் முடிவுக்கும் வாக்குறுதிக்கும் பேச்சுத்தமிழ் ‘-றேன்’ என்ற வடிவத்தை வைத்திருக்கிறது. இதனால்தான் நம் பிள்ளை ‘ஐ ஆம் டேக்கிங்’ என்று சொல்கிறாள். அவள் மனதில் உள்ள தமிழ் சரியாக இருக்கிறது. அதற்கு ஆங்கிலத்தில் நேரான சொல் ‘வில்’ என்பதை நாம்தான் அவளுக்குச் சொல்லித்தரவில்லை.

பாடநூல் சொல்லும் சமன்பாடு ‘-வேன் என்றால் வில்’ என்பது. வீட்டுப் பேச்சு காட்டும் வரைபடம் வேறு. நொடியில் பிறந்த முடிவுக்கு நம்மிடம் ‘எடுக்கறேன்’, ஆங்கிலத்தில் ‘வில்’. முன்பே எடுத்த முடிவுக்கு ‘எடுக்கப் போறேன்’, ஆங்கிலத்தில் ‘கோயிங் டு’. உறுதியில்லாத எதிர்பார்ப்புக்கு ‘எடுப்பான்னு நினைக்கறேன்’, அங்கே மறுபடியும் ‘வில்’. ‘எங்க பாட்டி விடியக்காலை நாலு மணிக்கே எழுந்துடுவாங்க’ என்று வழக்கத்தைச் சொல்லும்போதும் ‘வில்’ பொருந்தும். நம் வகர எதிர்காலமும் அவர்களுடைய ‘வில்’லும் வழக்கத்தையும் சேர்த்துச் சுமப்பது எனக்கு எப்போதும் வியப்பாக இருக்கும்.

மறுப்பிலும் இரண்டு மொழிகளும் ஒன்றாகவே நடக்கின்றன. ‘நான் வரமாட்டேன்’ என்பதற்கும் ‘நான் வரப் போறதில்லை’ என்பதற்கும் உள்ள வேறுபாடு உங்கள் அனைவருக்கும் தெரியும். இரண்டாவதில் விஷயம் முடிந்துவிட்டது, கெஞ்சிப் பயனில்லை. ‘ஐ ஆம் நாட் கோயிங் டு கம்’ என்பதிலும் அந்தக் கதவடைப்பு இருக்கிறது.

4. கண்முன் நிற்கும் காரணம்

இந்தப் பகுதியில் சற்று நிற்கிறேன், ஏனென்றால் தொடரின் உயிர் இங்கேதான் இருக்கிறது.

அடுப்பில் பால் வைத்திருக்கிறீர்கள். முதலில் ஓரத்தில் சிறு குமிழிகள். பிறகு மேலே ஆடை சுருங்குகிறது. நடுவில் ஆடை லேசாக உப்பி எழுகிறது. கூடத்தில் இருப்பவரைப் பார்த்து நீங்கள் என்ன கத்துவீர்கள்? ‘பால் பொங்கப் போகுது, அணைங்க!’ அந்த இடத்தில் ‘பால் பொங்கும்’ என்று யாராவது சொல்வார்களா? ‘பால் பொங்கும்’ என்பது பாலின் குணம். பொங்கல் பானையைப் பற்றிச் சொல்லலாம், சமையல் பாடத்தில் சொல்லலாம். ‘பொங்கப் போகுது’ என்பது இந்த அடுப்பில், இந்தப் பாத்திரத்தில், ஏறிக்கொண்டிருக்கும் இந்தப் பாலின் நிலை. பொங்கல் இன்னும் நிகழவில்லை, ஆனால் அதன் தொடக்கம் நிகழ்ந்துவிட்டது. ‘தி மில்க் இஸ் கோயிங் டு பாயில் ஓவர்’ என்பதில் உள்ள ‘இஸ்’ சுட்டுவது உப்பி எழுந்த அந்த ஆடையைத்தான்.

திண்ணை விளிம்பில் தவழும் குழந்தையைப் பார்த்து ‘விழப் போறே!’ என்கிறோம். ‘விழுவாய்’ என்று சொன்னால் அது சாபம் போல ஒலிக்கும். மேற்கே கருமேகம் திரண்டு, மண்வாசனை கிளம்பி, காற்று திசை மாறினால் ‘இட் இஸ் கோயிங் டு ரெயின்’. அடுத்த வாரம் மழை வரும் என்று பொதுவாகக் கணிப்பவர் ‘இட் வில் ரெயின்’ என்றால் போதும். கருவுற்ற பெண்ணைப் பற்றி ‘ஷீ இஸ் கோயிங் டு ஹேவ் எ பேபி’ என்பது ஆங்கில இலக்கண நூல்கள் விரும்பிக் காட்டும் எடுத்துக்காட்டு. வரப்போகும் குழந்தை இப்போதே வயிற்றில் இருக்கிறது. ‘கோயிங் டு’வின் பொருளை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது.

நிபந்தனை வாக்கியங்களில் ‘வில்’ மேலோங்குவதற்கும் இதுவே காரணம். ‘தொட்டால் சுடும்’ என்பதில் சுடுவது தொடுவதைப் பொறுத்தது; தொடக்கம் இன்னும் நிகழவில்லை. எனவே ‘இஃப் யூ டச் இட், இட் வில் பர்ன் யூ’.

காலத்தைச் சொல்வது நாள்காட்டி மட்டும் இல்லை, பேசுபவர் நிற்கும் இடமும்தான் என்பதை நம் இலக்கணிகள் நன்றாக அறிந்திருந்தார்கள். விரைவு, மிகுதி, தெளிவு, இயல்பு என்ற காரணங்களால் காலங்கள் ஒன்று மற்றொன்றின் இடத்தில் வரலாம் என்று நன்னூல் ஏற்றுக்கொள்கிறது. கிளம்பாதவர் ‘இதோ வந்துட்டேன்’ என்பது விரைவு. எறும்பு முட்டையோடு ஏறக் கண்டவர் ‘மழை பெய்தது’ என்றே சொல்வது தெளிவு. இந்தத் தெளிவு என்ற சொல்லைத்தான் ‘கோயிங் டு’வுக்கு விளக்கமாக நான் வகுப்பில் பயன்படுத்துகிறேன். ஆங்கில இலக்கணத்தை விளக்க நன்னூலின் பவணந்தி முனிவர் துணைக்கு வருவது எனக்குப் பெருமிதம் தரும் செய்தி.

5. பாதை பிரியும் இடங்கள்

இரண்டு மொழிகளும் எல்லா இடத்திலும் ஒன்று என்று நான் சொன்னால் அது மாணவர்களுக்குச் செய்யும் துரோகம். மூன்று இடங்களில் அவை பிரிகின்றன.

முதல் இடம் செய்தித்தாள். ‘முதலமைச்சர் நாளை வரவிருக்கிறார்’, ‘தேர்வு நடைபெறவுள்ளது’ என்று எழுதுகிறோம். ஏற்பாடு முடிந்த நிகழ்ச்சிகளுக்கு எழுத்துத்தமிழ் ‘இரு’, ‘உள்’ என்ற வினைகளை வைத்திருக்கிறது. ஆங்கிலத் தலைப்புகளோ ‘டு விசிட்’ என்று வெறும் வினையை நிறுத்தும். ‘கோயிங் டு’ இரண்டு மொழிகளிலும் பேச்சின் பிள்ளை. தலைப்புகளில் அதற்கு இடம் குறைவு.

இரண்டாவது இடம் ‘போது’. ‘அவர் வரும்போது சொல்கிறேன்’ என்பதில் ‘வரும்’ என்ற எதிர்கால வடிவம் இருப்பதால் பிள்ளைகள் ‘வென் ஹி வில் கம்’ என்று எழுதிவிடுகிறார்கள். ஆங்கிலம் அங்கே ‘வென் ஹி கம்ஸ்’ என்ற நிகழ்காலத்தோடு நிறுத்திக்கொள்ளும். ‘கோயிங் டு’வும் அங்கே வராது.

மூன்றாவது இடம்தான் முக்கியம். ‘ஐ வாஸ் கோயிங் டு கால் யூ’ என்று ஆங்கிலத்தில் சொன்னால், கூப்பிட எண்ணியிருந்தேன், கூப்பிடவில்லை என்று பொருள். நிறைவேறாத எண்ணத்தைச் சொல்ல ஆங்கிலம் அதே தொடரில் ‘ஆம்’ என்பதை ‘வாஸ்’ ஆக்கினால் போதும். தமிழ்ப் பிள்ளை இதை நேராக மாற்றினால் ‘கூப்பிடப் போனேன்’ என்று வரும். அதற்குத் தமிழில் வேறு பொருள் உண்டு: கூப்பிடுவதற்காக எழுந்து எங்கோ போனேன் என்று. ‘போனேன்’ என்று இறந்தகாலத்துக்கு வந்த உடனே அந்தக் கரைந்த நடை பெரும்பாலும் மறுபடி உயிர்பெற்றுக் கால் முளைத்து நடக்கத் தொடங்கிவிடுகிறது. நிறைவேறாத எண்ணத்துக்குத் தமிழ் வேறு கதவைத் தட்டுகிறது: ‘கூப்பிடலாம்னு இருந்தேன்’, ‘கூப்பிட இருந்தேன்’. ஆங்கிலம் ‘கோயிங்’கில் வைத்ததை நாம் ‘இரு’வில் வைத்திருக்கிறோம்.

இந்த மூன்றாவது இடத்தை மாணவர்களுக்கு எப்படிச் சொல்வது என்று நீண்ட நாள் யோசித்தேன். இப்போது செய்வது இதுதான். அம்மாவிடம் சொல்ல மறந்துபோன ஒரு விஷயத்தை முதலில் தமிழில் எழுதச் சொல்கிறேன். ‘உன்கிட்ட சொல்லணும்னு இருந்தேன்’ என்றோ ‘சொல்லலாம்னு இருந்தேன்’ என்றோ வரும். அந்த ‘இருந்தேன்’ என்பதன் கீழே கோடு போடச் சொல்லி, அதற்கு நேரே ‘வாஸ் கோயிங் டு’ என்று எழுதவைக்கிறேன். சென்ற ஆண்டு ஒரு பெண் எழுதியது இது: ‘ஐ வாஸ் கோயிங் டு டெல் யூ, அம்மா, பட் யூ வேர் ஸ்லீப்பிங்.’ அந்தத் தாளை நான் பத்திரமாக வைத்திருக்கிறேன்.